எழுவாய் மேடம்

எங்கள் பயிற்சி மையத்தின் கேன்டீனில் ஒருநாள் ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது. உடைந்தது என்றுதான் நான் சொல்வேன். கேன்டீன் மாஸ்டரும் அப்படித்தான் சொன்னார், பக்கத்தில் நின்ற நாலு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நம் ஊரில் கோப்பைகள் தாமாகவே உடைகின்றன, பால் தானாகவே பொங்கி வழிகிறது, பேனா தானாகவே தொலைந்து போகிறது. நாம் பாவம், ஒன்றும் செய்வதில்லை. அன்றைக்குப் பார்த்து ஒரு பெண்குரல், "நான்தான் உடைச்சேன். பார்க்காம கையை நீட்டிட்டேன்" என்றது. சொல்லிவிட்டு, துடைப்பம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டது.

அவர்தான் எங்களுக்குப் புதிதாக வந்திருந்த பயிற்சி அதிகாரி. வேலையில் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இந்த அம்மாள் இங்கே அதிக நாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுடையது பொதுத்துறை நிறுவனம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி ஃபேன். மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நான் அங்கே கண்காணிப்பாளர். அதாவது நாற்காலி போட வைப்பது, மைக் பார்ப்பது, சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பயிற்சிக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மாயையும் கிடையாது. சீட்டை விட்டு மூன்று நாள் தப்பிக்கலாம், மதியச் சாப்பாட்டில் அப்பளம் உண்டு, கடைசி நாள் குரூப் போட்டோ. இவ்வளவுதான் அவர்களுக்குப் பயிற்சி. எனக்கும் அப்படியேதான் இருந்தது, அவர் வரும்வரை.

வகுப்புக்கு அவர் ஸ்லைடு எதுவும் கொண்டுவருவதில்லை. நேராகப் போய்ப் பலகையில் இரண்டு வரி எழுதுவார்: ‘தங்கள் மனு பெறப்பட்டது. உரிய பரிசீலனைக்குப் பின் ஆவன செய்யப்படும்.’ எழுதிவிட்டுத் திரும்பி, இதில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கேட்பார். யாராவது ஒரு கெட்டிக்காரர் மூன்று பேர் என்பார், இன்னொருவர் விரல் விட்டு எண்ணி நான்கு என்பார்.

"ஒருத்தர்கூட இல்லை சார். மனிதவளத் துறைன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்கோம். உள்ள லெட்டர்ல ஒரு மனுஷரைக்கூடக் காணோம்."

அப்புறம் விதியைச் சொல்வார். வகுப்பில் யாராவது ‘அனுப்பப்பட்டது’ என்றோ ‘லேட் ஆயிடுச்சு’ என்றோ செய்தவர் யார் என்று சொல்லாமல் பேசினால், அவர் எழுந்து நிற்க வேண்டும். யார் என்று சொன்ன பிறகு உட்காரலாம். "எழுவாய் சொல்லலைன்னா எழுவாய். அவ்வளவுதான் ரூல்" என்று சொல்லிவிட்டு, தன் சிலேடைக்குத் தானே முதலில் சிரிப்பார். எட்டாம் வகுப்போடு எழுவாயைத் தலைமுழுகிய எங்கள் ஆட்களுக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காலை டீ வருவதற்குள் முக்கால்வாசி வகுப்பு நின்றுகொண்டிருக்கும். பேரன் எடுத்த சீனியர்கள் எல்லாம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே நான் அந்தப் பக்கம் அடிக்கடி போவேன். எழுவாய் மேடம் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. கேள்விப்பட்டதும், யார் வைத்தது என்றுதான் அவரும் கேட்டார். வைத்தவரைப் பாராட்ட வேண்டுமாம்.

மேடம் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருந்தார். அங்கே விமானம் கூரைக்கு மேலேயே இறங்கும். அது போகும்வரை பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவது அந்தப் பக்கத்து மக்களின் வழக்கம். மேடத்துக்கு அது உடம்பில் ஊறிப்போயிருந்தது. வகுப்பு நடக்கும்போது எலெக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் அடித்தால் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். கேள்வியில் மாட்டியவருக்கு அந்த ரயில்தான் ஒரே நம்பிக்கை. ரயில் போய்விடும்; மேடம் போக மாட்டார். "ம், சொல்லுங்க. யாரு?" என்று அதே இடத்திலிருந்து தொடங்குவார்.

இந்தக் கிறுக்கு ஒட்டுவாரொட்டி. ஒருநாள் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது என்று என் மனைவி சொன்னாள். நான் சும்மா இருக்காமல், அதுவாகப் பிடித்ததா, யார் பிடிக்க விட்டது என்று கேட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான்தான் தோசை சுட்டேன். மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் தன் பாட்டுக்குச் சிரித்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் மனைவியிடமும் கேட்கக் கூடாது சார், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் மட்டும் கேட்கணும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவோம் சார். ‘நாங்கள் செய்தோம்’னுதான் அதுல வரும். ‘செய்யப்பட்டது’ன்னு சொன்னா ஆண்டவர் யாரை மன்னிப்பார்?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் இதை வெறும் குற்றம் பிடிக்கிற புத்தி என்று நினைத்தால் தப்பு. ஒருநாள் கேன்டீனில் வத்தக்குழம்பு வாய்த்துவிட்டது. எல்லோரும் குழம்பு நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மேடம் எழுந்துபோய், யார் வைத்தது என்று கேட்டார். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஏதோ முடி கிடந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். "இவர் வெச்சாரு" என்று மேடம் எல்லோருக்கும் காட்டினார். மொத்தக் கூட்டமும் கைதட்டியது. அதற்கப்புறம் அந்த மனிதர் வாரம் தவறாமல் வத்தக்குழம்பு வைத்து எங்களைக் கொன்றது வேறு விஷயம்.

பெருங்களத்தூரில் என் வீட்டுப் பக்கமே ஒரு பொங்கல் சமயத்தில் அவரைப் பார்த்தேன். தெற்கே போகிற பஸ்ஸுக்காக ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் கூட்டம். மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் நின்றார்கள். சீருடை போட்ட ஒருவர் மைக்கில், கூடுதல் பேருந்து இயக்கப்படும், கூடுதல் பேருந்து இயக்கப்படும் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரிடம் போய், யார் சார் இயக்குவாங்க என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு மைக்கை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் காலி பஸ் ஒன்று வந்தது. இவர் கேட்டதால் வந்ததா, இல்லையா என்று தெரியாது. கூட்டம் இவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்ததை மட்டும் நான் பார்த்தேன்.

இதெல்லாம் இருக்கட்டும். அவரை நான் மறக்காமல் இருப்பது கணவரை இழந்த ஓர் அம்மாவின் விஷயத்தால்தான்.

கிளை அலுவலகம், மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம் மூன்றிலிருந்தும் மனிதவளப் பிரிவு ஆட்கள் வந்திருந்த ஒரு பயிற்சி. இரண்டாம் நாள் காலை, நான் வாசலில் தண்ணீர் கேன்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"அண்ணா, ட்ரெய்னிங் இங்கதான் நடக்குதா? ஆபீஸ்ல அந்த சீட்டு சாரு எப்ப போனாலும் ட்ரெய்னிங் பூட்டாரு, ட்ரெய்னிங் பூட்டாருன்றாங்கோ. அதான் நான் ட்ரெய்னிங்குக்கே வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் மேடம் வகுப்புக்குப் போகிற வழியில் நின்று, என்ன விஷயம் அக்கா என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். பனையூர்ப் பக்கம் ஒரு குப்பம். கணவர் எங்கள் நிறுவனத்தில் டிரைவர். குடும்பத்தில் படகை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப்பின் இவர் மறுபடி மீன் கூடையைத் தூக்கினார். இரண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். கருணை அடிப்படையில் வேலை கேட்டு உரிய காலத்திலேயே மனு கொடுத்துவிட்டார். போகும்போதெல்லாம் ‘ஆயிடும்மா’ என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"இவ்ளோ நாளு ஆவும் ஆவும்னாங்கோ மேடம். வர்ற மாசத்தோட எனக்கு வயசு தாண்டிப் பூடுமாம், அப்பால வேலை கிடையாதாம். அத மட்டும் கரெக்டா சொல்றாங்கோ."

மேடம் வேறொன்றும் கேட்கவில்லை. அவரைக் கையோடு வகுப்புக்குள் அழைத்துப்போய் முதல் வரிசையில், ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார். இன்றைக்குப் பாடம் இவங்கதான் என்றார். நான் தண்ணீர் கேனை அப்படியே போட்டுவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன்.

இந்த மனுவைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டார். மூன்று இடத்திலிருந்தும் ஆள் வந்திருக்கிறது அல்லவா. மூன்று பேர் தயங்கித் தயங்கி எழுந்தார்கள். அவர்களை வரிசையாக முன்னால் நிற்கவைத்து, மனு வந்த வழியில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். கிளைக்காரர், நான் மனுவை வாங்கினேன், நான் மண்டலத்துக்கு அனுப்பினேன் என்றார். சரியாகச் சொல்லிவிட்ட பெருமை அவர் முகத்தில். மண்டலத்து அம்மையாரும், நான் சரிபார்த்தேன், நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன் என்றார். தலைமை அலுவலகத்துக்காரர் நல்ல மனிதர், சாது. அவர்தான் சறுக்கினார்.

"மனுதாரர் பெயர்ல இனிஷியல் வித்தியாசம் இருந்தது மேடம். விளக்கம் கோரப்பட்டது."

"யாரு கோரினது?"

"நான்தான் மேடம். நான் கோரினேன்."

"யார்கிட்ட?"

அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ரயில் போனது. மேடம் காத்திருந்தார். வகுப்பும் காத்திருந்தது. ரயில் செங்கல்பட்டுப் பக்கம் போய்த் தேய்ந்து மறைந்ததும், "ம், சொல்லுங்க. யார்கிட்ட?" என்றார்.

அவர் யாரிடமும் கோரவில்லை என்பதுதான் உண்மை. ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கிளைக்குத்தான் இது என்று மண்டலம் நினைத்துக் கீழே அனுப்பியது. மனுதாரரைத் தலைமை அலுவலகமே நேரில் கேட்டிருக்கும் போல, நமக்குத் தகவல்தான் என்று கிளை நினைத்துக்கொண்டது. எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். அந்த அம்மாவிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இனிஷியலா?" என்றார் அந்த அம்மா. "கண்ணாலத்துக்கு முந்தி எங்க அப்பா எழுத்து. அப்பால எங்க வூட்டுக்காரரு எழுத்து. இதுக்கா இவ்ளோ நாளு? என்னக் கேட்டிருந்தா நின்ன எடத்துலயே சொல்லியிருப்பனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஆச்சரியமாகச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "நான் உங்களைக் கேட்டிருக்கணும்மா. நான் கேக்கலை" என்றார். பயிற்சி மையத்தில் நான் கேட்ட உருப்படியான வாக்கியம் அதுதான்.

அடுத்து நடந்ததெல்லாம் ஓட்டம். இரண்டு இனிஷியலும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். நான் அந்த அம்மாவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் கோர்ட் பக்கத்து நோட்டரியிடம் போனேன். கிளைக்காரர் சாப்பிடாமல் போனில் தொங்கினார். மண்டலத்து அம்மையார் தன் ஆபீசுக்கே ஆட்டோ பிடித்தார். வகுப்பில் பாதிப் பேர் இல்லை என்று தெரிந்து எங்கள் பிரின்சிபால் மேடத்தைக் கூப்பிட்டார். இது பயிற்சி மையமா, மனுநீதி முகாமா என்று சத்தம் போட்டார். மேலிடத்தில் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். அவர் பாவம், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர், எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வாராவாரம் திருநீர்மலை ஏறுகிறவர். "நான் சொல்றேன் சார். நான்தான் அனுப்பினேன்" என்றார் மேடம். அதற்கு மேல் என்ன சத்தம் போட முடியும்?

ஆனால் கையெழுத்து பாக்கி. அது உதவிப் பொது மேலாளர் போட வேண்டியது. அவர்தான் மூன்றாம் நாள் நிறைவு விழாவுக்குச் சான்றிதழ் கொடுக்க வந்தார். மேடம் மேடையில் இரண்டே நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லி, முடித்த வேலைகளையும் சொல்லி, காகிதங்களை அவர் முன்னால் வைத்தார். அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். மிகவும் பாராட்டத்தக்க முயற்சி என்றார். மனு மீது விரைவில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எழுவாய் இல்லாமல் பேசினால் எழுந்து நிற்க வேண்டும். பேசியவரோ ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. தலைமை அலுவலகத்துச் சாதுதான் முதலில் எழுந்தார், தன் மேலதிகாரிக்குப் பதிலாகத் தான் நிற்பது மாதிரி. அடுத்து மண்டலத்து அம்மையார். அப்புறம் கிளைக்காரர். அப்புறம் நாற்காலிகள் கடகடவென்று சத்தம் போட, மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. கதவோரம் நின்ற நான் இன்னும் எப்படி எழுவது என்று தெரியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

பெரியவர் இதை மரியாதை என்று நினைத்து, உட்காருங்க உட்காருங்க என்றார். யாரும் உட்காரவில்லை. என்னம்மா இது என்று மேடத்தைப் பார்த்தார். மேடம் கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் வகுப்பின் விதியைச் சொன்னார். யார் எடுப்பாங்கன்னு தெரிஞ்சா உட்கார்ந்துடுவாங்க சார் என்றார். பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். அன்று ரயிலும் வரவில்லை, விமானமும் வரவில்லை.

பெரியவர் மேடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தள்ளிவிட்டு, சாதாரணக் குரலில் பேசினார்.

"நான் எடுக்கறேன். திங்கக்கிழமை காலையில நான் கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை விழுங்கிக்கொண்டு கைதட்டல் வந்தது. அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னபடி திங்கட்கிழமை போட்டார். வயது வரம்பு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே நியமன ஆணை போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு எனக்கு வந்த போன்கள்தான் வேடிக்கை. நான்தான் சார் அனுப்பினேன் என்று கிளைக்காரர். நான்தான் விடாமல் துரத்தினேன் என்று மண்டலம். நான் அனுமதிக்காவிட்டால் நடந்திருக்குமா என்று பிரின்சிபாலே என்னிடம் கேட்டார். எழுவாய்க்குப் பஞ்சமே இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று மாலை அந்த அம்மா எங்கள் மையத்துக்கு வந்தார். மண்டல அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். புதுச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, கூடவே இரண்டு பெண்கள். சின்னவள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேடம் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை கெடச்சிடுச்சு மேடம்."

"கிடைச்சுதா? யாரு அக்கா வாங்கினது?"

"நீங்கதான் மேடம். வேற யாரு?"

மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் பாடம் எடுத்தேன். இந்த சார் வண்டி ஓட்டினார். பெரிய சார் கையெழுத்துப் போட்டார். கூடையை இறக்கி வெச்சிட்டு, பஸ் மாறி மாறி, விடாம வந்து நின்னது யாரு?"

அந்த அம்மா தன் பெண்களைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டார்.

"நான்," என்றார். "நான்தான் வாங்கினேன்."

வகுப்பில் காதில் விழவில்லையாம், மேடம் சொன்னார். அந்த அம்மா மீன் விற்கிற குரலை எடுத்தார். "நான்தான் வாங்கினேன்!" உள்ளே இருந்த மொத்தப் பேரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பெரியவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுதத்தான் கை வருகிறது. இல்லை. நான் அழுதேன்.